ஏழாம் பக்கத்தில் இருந்த கடிதம்

விசாரணைக்கு வந்தவர் எச்சில் தொட்டுத் தாள் புரட்டுகிறவர். விரலை நாக்கில் வைத்து எடுப்பார். தாளின் மூலையைத் தூக்கி, கீழிருந்து மேலாக ஒருமுறை கண்ணை ஓட்டிய பிறகுதான் அடுத்த தாளுக்குப் போவார். கீழிருந்து படிக்கிறவர் கையெழுத்தையும் தேதியையும் முதலில் பார்க்கிறார் என்று அர்த்தம். ஆபீஸில் இருந்தவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு அப்போதும் பயம், இப்போதும் பயம்.

ஒன்று, இரண்டு, மூன்று. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி ஓடியது. ஆனாலும் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.

வாசல் ஓரம் கலைவாணி நின்றாள். எம்.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருஷம். அவள் கோப்பைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒட்டுப்பொட்டுகூட வைக்காத பெண், அன்றைக்கு நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள். பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. பழக்கமில்லாதவள் வைத்த பொட்டு என்று யாருக்கும் தெரியும்.

ஆறாம் பக்கத்தில் அவர் நிறுத்தினார். டீ கிடைக்குமா என்றார். டீ வரும்வரை கோப்பு அப்படியே திறந்து கிடந்தது. அடுத்தது ஏழாம் பக்கம். அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்வதற்காகத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பழைய மாணவர்கள் சிலர் போன் செய்தார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவள் ஊர் சரியாக எது என்று கேட்காதீர்கள்.

காலனி ஆபீஸ்

விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பல்கலைக்கழகம் எங்கள் பக்கத்துக்கும் ஒரு கிளை போட்டது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்கு அங்கே இளநிலை உதவியாளர் வேலை. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்.

சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய அறைதான் எங்கள் பிரிவு. பலகையில் 'ஆதிதிராவிடர் மாணவர் நலப் பிரிவு' என்று இருக்கும். பின்னால் அதையே 'மாணவர் ஆதரவு மையம்' என்றார்கள், அதற்கும் பின்னால் 'சம வாய்ப்பு மையம்' என்றார்கள். பலகை இரண்டு முறை மாறியது, ஒழுகுகிற கூரையை ஒருமுறைகூட மாற்றவில்லை. மற்ற மாணவர்கள் எந்தப் பலகையையும் படித்ததில்லை. அவர்களுக்கு அது 'காலனி ஆபீஸ்'.

அந்த அறைக்குள் நுழைகிற பிள்ளைகள் முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது பார்க்கிறார்களா என்ற பார்வை. விடுதி இடம், உதவித்தொகை விண்ணப்பம், தொலைந்துபோன சான்றிதழ், வகுப்பில் யாரோ சொன்ன ஒரு சொல், எதற்காக வந்தாலும் அந்தப் பார்வை இருக்கும். நான் எட்டு வருஷம் அதைப் பார்த்தேன்.

எனக்கு மேலே கண்காணிப்பாளர் கோதண்டம் சார். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றுவிடுவார். ஒரு தாள் கோப்புக்குள் போனால் வலது மூலையில் சிவப்பு மசியில் எண் போட வேண்டும். எண் போட்ட தாள் செத்தாலும் வெளியே வரக் கூடாது. வந்தால் வேலை போகும். இதுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மிரட்டலும் அதுவே.

இரண்டு பெயர்

கலைவாணி கெடார் பக்கத்துப் பெண். அம்மாவும் மகளும்தான். அம்மா களை எடுக்கவும் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கவும் போகிறவர். அவர்கள் தெருவில் கல்லூரியைப் பார்த்த முதல் ஆள் இவள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசைக்கு நான் விழுப்புரம் மாதா கோயிலுக்குப் போவேன். பூசை முடிந்து திண்டிவனம் பஸ் பிடிப்பது வழக்கம். அங்கே கடைசி வரிசையில் முக்காடு போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நற்கருணை அப்பம் வாங்கித் திரும்பும்போது முகத்தைப் பார்த்துவிட்டேன், கலைவாணி. அவளும் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள். கோயிலைப் பற்றி நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேரியில் பிறந்த ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டால் சட்டம் அவரைப் பட்டியல் சாதியில் வைக்காது. பிற்படுத்தப்பட்டோர் வரிசைக்கு அனுப்பிவிடும். தெரு அதே தெரு, கூலி அதே கூலி, டீக்கடையில் தனி கிளாஸ் வைத்த காலத்தில் அதே தனி கிளாஸ். சான்றிதழில் மட்டும் வேறு ஆள். ஆகவே பல குடும்பங்களில் பெயர் இரண்டு. கோயிலில் லூர்து மேரி, பள்ளிக்கூடத்தில் கலைவாணி. அம்மா கோயிலில் அந்தோணியம்மாள், ரேஷன் கார்டில் அஞ்சலை. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

என் அப்பா பிடிவாதக்காரர். ஒரு மனுஷனுக்கு ஒரு பெயர்தான் என்றார். எங்கள் சான்றிதழ்களில் கிறிஸ்தவர் என்றே இருக்கும். அந்த நேர்மையால் என் அண்ணனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கலைவாணியைப் பார்க்கும்போது சில நாள் எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. நாங்கள் மட்டும் ஏன் இளிச்சவாயர்கள் ஆனோம் என்று தோன்றியிருக்கிறது.

நான் செய்த புத்திசாலித்தனம்

அவள் சேர்ந்த வருஷம், கோயிலில் நான் பார்த்த கொஞ்ச நாளிலேயே, விடுதி வார்டன் ஒரு நன்னடத்தைச் சான்று கேட்டார். ஊரில் தெரிந்த பெரிய மனிதர் யாராவது தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் நாலு நாள் இழுத்தடித்தார். ஐந்தாம் நாள் விடுதியில் இடம் முடிகிறது. அவள் கண் கலங்கி நின்றாள்.

கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரே மருந்துதான், சாமியார் கடிதம், அதாவது பாதிரியார் கடிதம். பள்ளியில் இடம் வேண்டுமா, நர்சிங் படிப்பா, ஆஸ்பத்திரியில் படுக்கையா, ஊர்க் கோயிலின் பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எனக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போனது. யோசிக்காமல் சொன்னேன், உங்கள் சாமியாரிடம் எழுதி வாங்கிவா என்று.

வாங்கி வந்தாள். மேலே சிலுவை அச்சிட்ட தாள், கீழே ஊதா நிற வட்ட முத்திரை. 'இவர் எங்கள் பங்கைச் சேர்ந்த லூர்து மேரி என்கிற கலைவாணி. நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். நல்லொழுக்கமுள்ளவர்.'

பாவம், அந்தச் சாமியார். நல்லது நினைத்து நாலு வரி எழுதினார். நான் அதைப் படித்தேன், சந்தோஷப்பட்டேன், கோப்பில் வைத்தேன், சிவப்பு மசியில் 7 என்று எண் போட்டேன். ஆதிதிராவிடர் இந்து என்ற சாதிச் சான்றிதழ் அதே கோப்பில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

வார்டன் இடம் கொடுத்துவிட்டார். அந்தக் கோப்பை ஒன்றரை வருஷம் யாரும் திறக்கவில்லை.

மொட்டைக் கடிதம்

பிறகு ஒருநாள் தபாலில் ஓர் உத்தரவு வந்தது. கலெக்டர் ஆபீஸுக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். பட்டியல் சாதி இடத்தில் படிக்கிற சிலர் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள், விசாரிக்க வேண்டும் என்று. எங்கள் கிளையில் ஒரே ஒரு பெயர், கலைவாணி. அடுத்த வியாழக்கிழமை தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வருவார், கோப்பைத் தயாராக வைக்கவும் என்று முடிந்திருந்தது.

பீரோவைத் திறந்து கோப்பை எடுத்தேன். ஏழாம் பக்கத்தைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சான்றிதழ் ரத்தானால் இடம் போகும். எழுதிய மூன்று செமஸ்டரும் போகும். மோசடி என்று போலீஸ் வழக்கு வரலாம். அம்மாவையும் இழுப்பார்கள். இவ்வளவுக்கும் சாட்சி ஒரே ஒரு தாள், அதை வாங்கிவரச் சொன்னவள் நான், எண் போட்டவளும் நான். என் கையெழுத்து ஓரத்தில் அழகாக இருந்தது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் போலீஸ்காரர் ஏறினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். தாளை எடுத்தால் ஆறுக்குப் பிறகு எட்டு வரும், அந்த ஓட்டை ஊருக்கே தெரியும். எடுக்காவிட்டால் அவள் கதை முடிந்தது. கடைசியில் ஒரே வழிதான் பட்டது. அதே இடத்தில், அதே எண்ணோடு, வேறு ஒரு நன்னடத்தைச் சான்று.

சுவரில் ஒரு கட்டம்

லீவு போட்டுவிட்டு கெடார் பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில் பொய் சொல்லிப் போட்ட முதல் லீவு அது.

அவள் படித்த ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஓய்வு பெறப்போகிற வயசு. விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தின தேதி வேண்டும் என்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"இந்தப் பேரே நான் வெச்சதும்மா. ஒண்ணாங் கிளாஸ்ல சேக்கும்போது லூர்து மேரின்னு சொல்லிக்கினு வந்துச்சு அவங்கம்மா. பின்னாடி புள்ளைக்கு ஒதவும்னு நான்தான் கலைவாணின்னு எழுதனேன். நான் எழுதித் தராம வேற யாரு தர்றது?"

கேட்ட தேதியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். 

திரும்பும் வழியில் அவள் வீட்டுக்குப் போனேன். சேதி அங்கே எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தோணியம்மாள் மாதா படத்தையும் குருத்தோலைச் சிலுவையையும் சுவரிலிருந்து எடுத்துக் கேப்பை மூட்டைக்குள் புதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூட்டைக்கு முன்னால் கையை விரித்து நின்றார். ஆபீஸிலிருந்து வந்தவள் என்றால் யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். நான் கழுத்துச் செயினை வெளியே எடுத்துச் சிலுவையைக் காட்டிய பிறகுதான் கையை இறக்கினார்.

"படத்த எடுத்துட்டேம்மா. ஆனா பாரு, அது இருந்த எடம் மட்டும் வெள்ளையா கட்டங்கட்டிக்கினு தெரியுது. இத இன்னா பண்றது?"

சுவர் முழுக்க அடுப்புப் புகை. மாதா இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த அன்றைக்குப் போலவே பளிச்சென்று இருந்தது. அரிசி மண்டி காலண்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். நாலு பக்கமும் விரலளவு வெள்ளை தெரிந்தது. அவர் அடுப்புக் கரியை விரலில் தொட்டுத் தொட்டு அந்த விளிம்பை மறைத்தார். நானும் தொட்டுப் பூசினேன். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

மசி காயவில்லை

புதன்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், கோப்பின் கயிற்றை அவிழ்த்தேன். சாமியார் கடிதத்தை எடுத்தேன், தலைமையாசிரியர் கடிதத்தை வைத்தேன், சிவப்பு மசியில் 7 போட்டேன். பழைய கடிதத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. அது இன்னும் இருக்கிறது. எங்கே என்று எழுத மாட்டேன்.

நிமிர்ந்தால் வாசலில் கோதண்டம் சார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்தார், கோப்பைத் தன் பக்கம் திருப்பினார், ஏழாம் பக்கத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டில் அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

"மசி புதுசா பளபளன்னு இருக்கும்மா. ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் வெயில்ல வை" என்றார். பிறகு கை கழுவப் போய்விட்டார். ஓய்வு பெறும் நாள்வரை அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவர் கேட்ட கேள்வி

டீ வந்தது. குடித்தார். விரலை நாக்கில் வைத்தார். ஏழாம் பக்கம் புரண்டது.

கீழே கையெழுத்து, மேலே தேதி, நடுவில் நாலு வரி. எட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மூச்சு வந்தது. கடைசிப் பக்கம்வரை பார்த்துக் கயிற்றைக் கட்டினார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் என் கழுத்தைப் பார்த்தார். கெடாரில் வெளியே எடுத்த செயினை நான் உள்ளே போட்டிருந்தேன். ஆனால் குனிந்து நிமிர்ந்ததில் சிலுவை மேலே வந்திருந்தது.

"நீங்க கிறிஸ்டியனா மேடம்?"

ஆமாம் என்றேன். எந்தக் கோயில் என்றார், சொன்னேன். மொட்டைக் கடிதத்திலும் அதே கோயில்தான் இருந்திருக்க வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ண அங்க பாத்திருக்கீங்களா?"

கலைவாணி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்குத் தண்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

நல்லா யோசித்துச் சொல்லுங்கள், திருவிழா, தேர், எதிலாவது, என்றார். "பாத்ததே இல்ல சார்" என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எழுதிக்கொண்டார், என்னிடம் கையெழுத்து வாங்கினார், போனார்.

அவள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். "இனிமே நான் கோயிலுக்கு வர முடியாதில்ல மேடம்?" என்றாள். வராதே என்றேன்.

பேர் என்ன?

விசாரணை அதோடு நின்றது. அவள் தேறினாள். பி.எட். முடித்தாள். அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததும் பயம் போகும் என்று நான் நினைத்தேன். அது இன்னும் அதிகமானது. படிக்கும்போது ஒரு இடம்தான் போகும், இப்போது வேலையும் சம்பளமும் பிள்ளைகளின் சான்றிதழும் போகும். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நாங்கள் தெரிந்தவர்கள்போல் காட்டிக்கொள்வதில்லை. யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே ஆகிவிட்டது.

பல வருஷம் கழித்து, எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு, ஒரு காலையில் அவள் பேசினாள். மேடம் என்று சொல்லவில்லை, அக்கா என்றாள். அம்மா போய்விட்டார். கோயில் கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சாமியார் ஒத்துக்கொண்டார், அடக்கம் முடிந்தது. அவள் கல்லறை வேலிக்கு வெளியே, ரோட்டோரம் நின்றிருக்கிறாள், வேடிக்கை பார்க்கிற ஆள்போல. இப்போது கொத்தனார் சிமெண்ட் சிலுவை செய்துவிட்டு என்ன பெயர் போடுவது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாராம்.

"அந்தோணியம்மான்னு போடவாக்கா? அஞ்சலைன்னு போட்டா அம்மா சண்ட போடும்."

எனக்கு அந்த எச்சில் விரல் ஞாபகம் வந்தது. கல்லில் எழுதினால் அதை யார் மாற்றி வைக்க முடியும்? அம்மாவைப் பறிகொடுத்த பெண்ணிடம் நான் சொன்ன பதிலை இன்றைக்கு எழுதவும் வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் போடாதே என்றேன். சரிக்கா என்றாள். பிறகு, வருஷத்துக்கு ஒருதரம் எனக்குப் பதிலாக நீங்கள் போய் ஒரு மெழுகுவர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளில் காலையில் என் அம்மாவுக்குத் திண்டிவனத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கெடார் பஸ் ஏறுகிறேன். பெயரில்லாத சிலுவைக்கு முன்னால் இன்னொன்று ஏற்றுவேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். யாராவது கேட்பதற்குள் கிளம்பிவிடுவேன்.

போன வருஷம் கிளம்ப முடியவில்லை. கல்லறையைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு நோட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார். இந்தச் சிலுவைக்கு முன்னால் நின்றார்.

"இது யாருதும்மா, பேரே காணோம்? எடம் பத்தல. ஆளில்லாத குழிங்கள தோண்டி வேற ஆள வெச்சிடலாம்னு சாமியாரு சொல்லிக்கினு இருக்காரு."

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. என்னை யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் அந்த நோட்டையும் பேனாவையும் பார்த்ததும் முதுகில் வேர்வை இறங்கியது. அக்கம்பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஆளிருக்குங்க. எங்கம்மா" என்றேன்.

"பேரு?"

"பேரு வேணாங்க. எங்கம்மான்னு மட்டும் எழுதிக்கங்க."